மாமாவின் புது ஸ்வெட்டர்

கண்டியில், ஊருக்குப் போகப் புசல்லாவை பஸ் ஏறினேன். மழையில் நனைந்து வந்த யாருடைய ஸ்வெட்டரோ மணத்தது. எனக்கு உருளைக்கிழங்குக் கறி ஞாபகம் வர, சிரித்துவிட்டேன்.

முன்பொரு நாள் விடியும்போதே அப்பாவும், கண்டியில் கடை வேலை பார்த்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மாமாவும் காட்டுப்பன்றி வேட்டைக்குப் புறப்பட்டார்கள். அப்பா வெறும் பனியனோடு நின்றார். கம்பளியைச் சுருட்டிப் பொலித்தீன் பைக்குள் வைத்திருந்தார்.

“ஸ்வெட்டர கழட்டிப் பையில போடு மாப்ள. ஏறுறப்ப வேர்க்கும். மேல போய்ப் போட்டுக்கலாம்.”

“இந்தக் குளிர்லயா மச்சான்? புதுசு வேற,” என்று மாமா அதைப் போட்டுக்கொண்டே போனார்.

அம்மா இறைச்சிக்கு மசாலா அரைத்து வைத்தார். வெயில் வந்தபோது, இருவரும் ஒரே கம்பளிக்குள் ஒட்டிக்கொண்டு தேயிலை மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். பன்றி இல்லை.

“கிட்டத்தான் வந்துச்சு,” என்றார் அப்பா. “வேர்வையில நனைஞ்சு குளிர்ல ஒக்காந்தான். இவன் பல்லு அடிச்ச சத்தத்துல பன்னி ஓடிருச்சு.”

அம்மா உருளைக்கிழங்கை நறுக்கி அந்த மசாலாவில் போட்டார். மாமாதான் திரும்பத் திரும்பச் சோறு கேட்டார். ஸ்வெட்டர் அடுப்புக்கு மேலே தொங்கி மணத்தது.

பஸ் புறப்பட்டதும் போன் அடித்தது. மாமா.

“ஸ்வெட்டர இப்பவே போட்டுறாத புள்ள. எறங்கி மேடு ஏறணும், வேர்க்கும்.”