அவளுக்கு மட்டும் கஷ்டமான கேள்வி

சங்கமித்ரா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் பெண்கள் சீட்டில் ஆம்பளை யாராவது உட்கார்ந்திருந்தால் “எழுந்திருங்க” என்று ஒரு வார்த்தைதான் சொல்வாள். ஆள் எழுந்துவிடுவான்.

மர்ஃபி டவுனில் வீடு. பகலில் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை. சாயங்காலம் பஸ் மாறி, மல்லேஸ்வரம் பக்கம் இருந்த எங்கள் மாலை நேரக் கல்லூரிக்கு வருவாள். நான் காக்ஸ் டவுன் யூனிஸ், ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் டெலிபோன் எடுப்பவள். கம்ப்யூட்டர் முதுநிலைப் பட்டய வகுப்பில் இருவரும் ஒரே பெஞ்சு. புள்ளியியல் என்றாலே நான் புத்தகத்தை மூடிவிடுவேன். அவள்தான் பஸ் ஸ்டாப்பில் சுருமுரி என்கிற காரப்பொரியைத் தின்றபடி சொல்லிக்கொடுப்பாள். எனக்கு ஏறாது. அவளும் விடமாட்டாள்.

இரண்டாயிரத்து மூன்றில் எங்கள் கல்லூரிக்குப் புதுமை மோகம் பிடித்தது. இனிமேல் பரீட்சை கம்ப்யூட்டரில், அதுவும் அவரவர் திறமைக்கு ஏற்றபடி என்றார் துறைத் தலைவர் வெங்கடசுப்ரமணியன் சார். சரியாகப் போட்டால் அடுத்த கேள்வி கஷ்டமாக வரும், தப்பாகப் போட்டால் சுலபமாக வரும். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மார்க் போட்டது ஆபீஸ். அவர்களுக்குக் காலங்காலமாக ஒரே கணக்குதான் தெரியும். எத்தனை சரி என்று எண்ணு, பாதி வந்தால் பாஸ். எப்படிப்பட்ட கேள்வி என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

ரிசல்ட் வந்தது. நாற்பதுக்கு நான் இருபத்தேழு. சங்கமித்ரா பதினெட்டு, பெயில்.

அவள் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் ஒரு இடம் காலியாக இருந்தது. பட்டயத்தை மாதக் கடைசிக்குள் காட்டினால் அது அவளுக்கு. இல்லாவிட்டால் வெளியாளை எடுத்துவிடுவார்கள், இவள் ஸ்டோர்ஸிலேயே பெட்டி தூக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அன்று பஸ் ஸ்டாப்பில் ஞாபகம் இருந்த கேள்விகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். எனக்கு ஐந்து எண்களைக் கொடுத்துச் சராசரி கேட்டிருந்தது. அவளுக்கோ, மூன்று மெஷினில் செய்த போல்ட்டுகளை ஒன்றாகக் கலந்துவிட்டு, அதில் கையில் அகப்பட்ட மோசமான போல்ட் எந்த மெஷினிலிருந்து வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டிருந்தது. அடப்பாவிகளா என்றேன். அவள் சுருமுரிப் பொட்டலத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, நாளைக்கு சாரைப் பார்க்கிறோம் என்றாள்.

சார் நல்லவர், அதுதான் கொடுமை. பொறுமையாகக் கேட்டார். அடுத்த வாரமே மறுதேர்வு இருக்கிறது, கவலைப்படாதே என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒரு வழியும் சொன்னார்.

“மொதல் அஞ்சாறு கேள்விய வேணும்னே தப்பா போட்டுடும்மா. அப்புறம் ஈஸியாத்தான் வரும். உங்க ஏரியாலேர்ந்து இவ்ளோ தூரம் வந்ததே பெரிசு. பாஸானா போறாதா?”

மர்ஃபி டவுன்காரிக்கு இதுவே அதிகம் என்கிற அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்றது. சங்கமித்ராவின் முகம் மாறவில்லை.

“தெரிஞ்சத தெரியலன்னு சொல்லி பாஸ் ஆவணுமா சார்? மாட்டேன்.”

எங்கள் இரண்டு பேருக்கும் வந்த கேள்விகளை அச்செடுத்துக் கொடுக்கச் சொன்னாள். என்னுடையதை அவள் எடுத்துக்கொண்டாள், அவளுடையதை என் கையில் திணித்தாள். சார் காபியைக் குடித்து முடிப்பதற்குள், நின்றபடியே என் தாளை முடித்துவிட்டாள். நான் அவளுடைய முதல் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, ஒன்றும் வரவில்லை சார் என்று பேனாவை மூடினேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரெண்டு மார்க் கிரேஸ் போட்டு விஷயத்தை முடித்துவிடலாம் என்றார்.

“கிரேஸ் வேணாம் சார். என் மார்க்க குடுங்க.”

கஷ்டமான கேள்விக்குக் கூடுதல், சுலபமானதற்குக் குறைவு என்று எல்லோருக்கும் மறுபடி மார்க் போடச் சொன்னாள். அப்படிப் போட்டால் பாஸான சிலர் கீழே வருவார்கள் என்று சொல்லிவிட்டு சார் என்னைப் பார்த்தார். சங்கமித்ராவுக்கு அப்போதுதான் உறைத்தது. என் பக்கம் திரும்பினாள். அவள் பேச்சு நின்று போனதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். எனக்கு வந்ததே கோபம். யாருக்கும் பணியாத இந்தக் கழுதை, போயும் போயும் எனக்காகவா வாயை மூடிக்கொள்ள வேண்டும்?

“எல்லாருக்கும் போடுங்க சார்,” என்றேன்.

ஆபீஸில் முணுமுணுத்துக்கொண்டே போட்டார்கள். சங்கமித்ரா வகுப்பில் முதல். நான் பெயில். உட்கார்ந்த இடத்தில் பாஸானதைத் தேடிப்போய் பெயிலாக்கிக்கொண்டு வந்திருக்கிறாளே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அடிக்கட்டும். சங்கமித்ரா அந்த மாதமே கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தாள். படிப்பு முடிந்த பிறகும் வேலை விட்டு நேராக எங்கள் பஸ் ஸ்டாப்புக்கு வந்து, என்னைத் திட்டித் திட்டிப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தாள்.

அடுத்த முறை பரீட்சைக்கு உட்கார்ந்தேன். முதலில் சராசரி வந்தது, போட்டேன். அடுத்தது கொஞ்சம் முறைத்தது, அதையும் போட்டேன். அப்புறம் ஒவ்வொன்றும் முன்னதைவிட மோசம். கடைசியில் திரையில் மூன்று மெஷினும் அந்தப் பாழாய்ப்போன போல்ட்டும் வந்து நின்றன. வாடி என் ராசாத்தி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மேற்பார்வைக்கு இருந்தவர் அதட்டினார். நான் கணக்குப் போட ஆரம்பித்தேன்.