மாமனார் வண்டியின் பிளக்

மகளுக்குக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. மறுநாளே என் மனைவி, நடையில் நின்ற மொபெட்டுக்கு நாள் குறித்துவிட்டாள். ஏணை கட்டுகிற கொக்கி வீட்டிலேயே அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அதற்கு நேர் கீழே, மகளின் ஏணையை அவிழ்த்த காலத்திலிருந்து மொபெட் நிற்கிறது.

"ஓடுற வண்டின்னா எடம் பாப்போம். ஓடாத வண்டின்னா பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுடுவேன். கொழந்த புதன்கெழம வருது," என்றாள்.

வண்டி அவள் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்தது. அவர் மில்லுக்கு ஷிப்டு போய் வந்த வண்டி. அதைச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். அப்பாவே போய்ட்டாரு, வண்டிய வெச்சிக்கிட்டு இன்னா பண்றது என்று கேட்டாள். எனக்கு அதை விட மனசில்லை, அவ்வளவுதான். வாலிபத்தில் நான் நன்றாக ஓட்டிய ஒரே பொருள் அது. குடும்பத்தைக்கூட அவள்தான் ஓட்டினாள்.

கார்ப்பரேட்டரைக் கழுவினேன், புதுப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினேன். மிச்சம் பிளக்தான். உப்புக்காற்றில் துருவேறி, ஹெட்டோடு ஒன்றாகிக் கிடந்தது. ஸ்பேனரை மாட்டித் திருகினேன், அசையவில்லை. கைப்பிடியில் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, நீளமாக்கித் தொங்கினேன்.

எதிர் வீட்டு மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பிரெஞ்சில் சிப்பாய் என்கிற அர்த்தத்தில் தெருவில் எல்லோருக்கும் அவர் சொல்தா. மெதுவாக என்பதற்கு அவர் வாயில் பிரெஞ்சுதான் வரும். "துஸ்மாம்... துஸ்மாம்..." என்று மேலே இருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். பட்டாளத்துக்காரரே பதறுகிறாரே என்று எனக்கு வீரம் வந்துவிட்டது. ஸ்பேனர் லேசாகச் சாய்ந்தது. டக் என்று ஒரு சத்தம். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் என் மடியில் விழுந்தது. அடிப்பாகம் ஹெட்டிலேயே நின்றுவிட்டது. சொல்தா ஜன்னலைச் சாத்தினார்.

மனைவி வந்து பீங்கானை எடுத்துப் பார்த்தாள். "பல்ல புடுங்கச் சொன்னா பாதியில ஒடச்சி வெச்சிருக்கீங்க," என்று சொல்லிவிட்டு அரிசி கழுவப் போனாள்.

சாயங்காலம் சொல்தாவுக்கு மனசு கேட்கவில்லை. இறங்கி வந்தார். பிளக்கைச் சுற்றி ஆயில் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடச் சொன்னார். காலையில் ஹெட்டைச் சூடாக்கி, முதலில் கொஞ்சம் இறுக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் கழற்றச் சொன்னார். கழற்ற முடியாததை எதற்கு இறுக்குவது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் சரி என்றேன். மறுத்துப் பேசும் நிலையில் நான் இல்லை.

புதன்கிழமை காலை. குழந்தை பத்து மணிக்கு மேல் வரும் என்று போன் வந்துவிட்டது. மனைவி குளிக்க வைத்திருந்த வெந்நீரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பழைய துண்டை ஹெட்டில் சுற்றி, மேலே ஊற்றிக்கொண்டே இருந்தாள். பிளக்கைச் சுற்றியிருந்த மண்ணை நான் சைக்கிள் பம்பால் ஊதினேன். அது மொத்தமும் என் மூக்குக்குள் வந்தது. முதலில் இறுக்கினேன். ஒரு இம்மி நகர்ந்த மாதிரி இருந்தது. பிறகு அவள் குழாயின் நுனியைப் பிடித்துக்கொள்ள, நான் ஸ்பேனர் சாயாமல் அதன் தலையை அழுத்திக்கொள்ள, இரண்டு பேரும் மூச்சைப் பிடித்தோம். கிரீச்சென்றது. அவள் இழுத்தாள். பிளக் சுற்றியது. ஒடிந்து நின்ற அடிப்பாகம் மரை கெடாமல் வெளியே வந்தது.

புதுப் பிளக்கைக் கையாலேயே திருகி மாட்டினேன். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பெடலை மிதித்தேன். மூச்சு வாங்கியதுதான் மிச்சம். எனக்கு, வண்டிக்கு இல்லை. இறங்குங்க என்றாள். புடவையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து மிதித்தாள். இருமியது. மறுபடி மிதித்தாள். படபடவென்று பிடித்துக்கொண்டது. நடை முழுக்க வெள்ளைப் புகை.

அணைப்பாள் என்று பார்த்தேன். அணைக்கவில்லை. ஹேண்டில்பாரில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"தெருமொனயில இந்தச் சத்தம் கேட்டா அடுப்புல டீய வெச்சிடுவேன். அப்பா வண்டிய நிறுத்திட்டு வரதுக்குள்ள கொதிச்சிடும்," என்றாள்.

கல்யாணமான பிறகு எத்தனை வருஷம் இதே சத்தத்தோடு நான் எங்கள் தெருமுனையில் திரும்பியிருக்கிறேன். ஒரு நாள்கூட அவள் இதைச் சொன்னதில்லை. எனக்கு டீ வைத்ததும் இல்லை. கேட்கலாமா என்று வாயெடுத்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புகை என்றாள். நானும் புகைதான் என்றேன்.

பத்து மணிக்குள் முடிவு சொல்லிவிட்டாள். வண்டி இருந்த இடத்திலேயே இருக்கும். உள் அறையில் என் கட்டிலுக்கு மேலே புதுக் கொக்கி அடித்து ஏணை கட்டிக்கொள்ளலாம். குழந்தைக்குக் காற்றும் வரும், ஆளும் பக்கத்தில் இருக்கும்.

"நான்?" என்று கேட்டேன்.

என் கட்டில் இப்போது நடையில், மொபெட்டை ஒட்டிக் கிடக்கிறது. புரண்டு படுத்தால் பெடல் விலாவில் குத்துகிறது. பெட்ரோல் வாசனைக்குக் கொசு வராது என்றாள் மனைவி. கொசுக்களிடம் யாரும் இதைச் சொன்னதாகத் தெரியவில்லை.