மாதா எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட ஐப்பசி

எனக்கு வயது எண்பத்து மூன்று. பெற்றது ஆறு; தங்கை விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது எட்டு. எட்டும் பள்ளிக்கூடம் போய், நாலு பேர் மதிக்கிற மாதிரி நிற்கின்றன. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் என் விரலைப் பிடித்து மணலில் எழுதவைத்த எழுத்துக்கு மேல் எனக்கு எழுத்துக் கிடையாது. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவசரம் ஒன்றும் இல்லை.

கீழ்வேளூருக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரமாக எங்கள் தெரு. இரண்டு வரிசைக் கூரை வீடுகள்தான். எல்லோரும் ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரர்கள், எல்லோரும் ஒரே மிராசுதாரின் வயலில் இறங்குகிறவர்கள். வீடு நிற்கிற மனையும் அவருடையதே. எங்களுக்கென்று இருந்தது தெருக் கடைசியில் ஒரு சின்னக் கோயில், அதற்குள் கண்ணாடிப் பெட்டியில் முழ உயர மாதா. நீல முக்காடு. மூக்கு நுனியில் கொஞ்சம் பெயிண்ட் உதிர்ந்திருக்கும்.

செபமாலை மாசமான அக்டோபர் வந்தால் மாதா கோயிலில் இருக்க மாட்டார். வீட்டுக்கு ஒரு ராத்திரி என்று தெரு முழுக்கத் தங்குவார். அதற்கு ஒரு முறை உண்டு. மாதா இருக்கிற வீட்டுக்காரர்கள் அவரைக் கொண்டுபோய் விடக்கூடாது. அடுத்த வீட்டுக்காரர்கள்தான் பொழுதுசாயும் நேரம் விளக்கோடு வந்து, "அம்மா, எங்க வீட்டுக்கு வாங்க" என்று அழைத்துத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அழைக்க வராமல் அனுப்பிவைப்பது பெற்ற தாயை வெளியே போ என்று சொல்வதற்குச் சமம் என்பார்கள்.

அப்பா சிவப்புத் துண்டு போட்டவர், செங்கொடிச் சங்கத்து ஆள். கோயிலுக்கு வருவார், ஆனால் வாய் சும்மா இராது. கடவுள் ஒருவர்தான் என்கிறீர்கள், பிறகு அம்மாவுக்கு எதற்கு இத்தனை பூ என்று கேட்பார். அம்மா அரிசி புடைக்கிற முறத்தை நிறுத்தமாட்டாள்.

"அவங்க கடவுள்னு யாரு சொன்னா? கும்பிடறது மகனை. பெத்தவங்களை வாசல்ல நிக்கவச்சுட்டு மகனை மட்டும் உள்ள கூப்பிட்டா அவரு வருவாரா?"

அம்மாவுக்குப் பிடித்த பைபிள் கதை, கல்யாண வீட்டில் திராட்சை ரசம் தீர்ந்துபோன கதை. எப்போது சொன்னாலும் ஒரே இடத்தில் நிறுத்துவாள். ரசம் இல்லையென்று மாதாவிடம் யாரும் வந்து சொல்லவில்லை, பார். அவராகவே கவனித்தார், அவராகவே போய் மகனிடம் சொன்னார் என்பாள்.

அந்த வருஷம் அரை மரக்கால் நெல் கூலி கூடக் கேட்டு யாரும் வயலில் இறங்கவில்லை. முதலில் கேட்டது அப்பா. போலீஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வீட்டில் அம்மா, நான், இடுப்புக் குழந்தையாகத் தம்பி; தங்கை அப்போது பிறக்கவில்லை. அந்த வாரம்தான் மாதா எங்கள் வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலையில் மிராசுதாரின் காரியக்காரர் ஆட்களோடு வந்துவிட்டார். ஆட்கள் கையில் அரிவாளும் கயிறும். கூரையைப் பிரிக்க வந்திருக்கிறார்கள் என்று எனக்கே தெரிந்தது. அதற்குமுன் கொடி பிடித்தவர்கள் வீடு அடுத்த ஊரில் அப்படித்தான் போனது.

காரியக்காரர் வாசலுக்கு வரவில்லை, தள்ளி நின்றே சொன்னார். மனை எஜமானுடையது, சாமானை எடுத்து வெளியே வை என்றார். இனிமேல் யாரையும் 'ஆண்டே' என்று கூப்பிடக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அம்மா அதை மறக்கவில்லை.

"சாமானை எடுத்துடறேங்க ஐயா. ஆனா உள்ள மாதா இருக்காங்க. அவங்களை நான் எடுக்கக் கூடாது. அடுத்த வீட்டுலேருந்து வந்து அழைக்கணும். சாயந்திரம் போயிடுவாங்க. அப்புறம் பிரிச்சுக்கங்க."

பொம்மையைத் தூக்கி வைக்க ஆள் வேண்டுமா என்று அரிவாள்காரன் ஒருவன் சிரித்தான். காரியக்காரர் சிரிக்கவில்லை. அவர் வீட்டுப் பிள்ளைக்கு அம்மை கண்டபோது வேளாங்கண்ணிக்குப் போய் முடி இறக்கினார்கள் என்பது ஊருக்கே தெரியும். குனிந்து வாசல் வழியாக உள்ளே எரிகிற விளக்கைப் பார்த்தார். அவரை அறியாமலே கால் செருப்பைக் கழற்றியது. எங்கள் தெரு மண்ணில் அவர் வெறுங்காலோடு நின்றதை யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு அம்மா சட்டி பானையை மூட்டை கட்டினாள். தெருவில் யாரிடமும் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயந்திரம் தரையை மெழுகி, மாதாவுக்குப் புதுப் பூ வைத்து, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்காகக் காத்திருந்தாள். அடுத்த முறை அவளுடையது. சீர்காழிப் பக்கம் கட்டிக்கொடுத்த மகளுக்கு வருஷக்கணக்காகப் பிள்ளை இல்லை. மாதா தங்குகிற ராத்திரிக்காகவே அந்த மகளும் வந்து தங்கியிருந்தாள்.

பெரியம்மா வரவில்லை. உபதேசியார் போய்க் கேட்டார். வீட்டில் கோழி அடையில் உட்கார்ந்திருக்கிறது, செபச் சத்தத்தில் எழுந்து ஓடிவிடும், இன்றைக்கு முடியாது என்றாளாம். அதற்கு அடுத்த வீட்டில் கூரை ஒழுகுகிறதாம். அதற்கு அடுத்த வீட்டில் விளக்குக்கு எண்ணெய் இல்லையாம். தெருக் கடைசி வரை போனவர் மெதுவாகத் திரும்பி வந்தார். எங்கள் வாசலில் கொஞ்ச நேரம் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, மாதா இங்கேயே இருக்கட்டும், செபத்தை ஆரம்பிக்கலாம் என்றார். கூப்பிடாமலே தெரு முழுக்க எங்கள் வாசலில் வந்து முழங்காலிட்டது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவள் பெரியம்மாதான்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் காரியக்காரர் வருவார். மாதா கிளம்பியாச்சா என்பார். இன்னும் அழைக்க வரலைங்க என்பாள் அம்மா. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். செபமாலை மாசமே முடிந்தது. எண்ணெய் இல்லாத வீடுகளுக்கு எண்ணெய் வரவில்லை, ஒழுகுகிற கூரைக்கு ஒழுக்கு நிற்கவில்லை. எனக்கானால் தலைகால் புரியாத பெருமை. ஒருநாள் பெரியம்மாவிடமே போய்ச் சொன்னேன்.

"மாதாவுக்கு எங்க வீடுதான் புடிச்சிருக்கு, பெரியம்மா. உங்க வீட்டுக்கு வரவே மாட்டாங்க போலிருக்கு."

பக்கத்தில் மகள் ஊருக்குப் போகத் துணிமணி மடித்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா என் தலையில் கை வைத்தாள்.

"ஆமாடி. உங்க அம்மா வீடு அப்படி."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நட்டது பாதி, நடாதது பாதி, நட்ட இடத்திலும் களை மண்டியது. ஆள் இல்லாமல் மிராசுதாருக்கு ஆகாது என்றானது. தாலுகா ஆபீசில் உட்காரவைத்துப் பேசினார்கள். அரை மரக்கால் கிடைத்தது, வீடுகளில் கை வைப்பதில்லை என்றும் ஒத்துக்கொண்டார்கள், அப்பாவும் வந்தார். நிற்கிற வீட்டையும், நடுவில் இருந்த மாதாவையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா நடந்ததைச் சொல்லச் சொல்லத் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் பூ வச்சிருக்கலாம்" என்றார்.

அன்று சாயந்திரமே பெரியம்மா விளக்கோடு வந்தாள். "அம்மா, எங்க வீட்டுக்கு வாங்க." மகள் சீர்காழிக்குப் போயிருந்தாள். நான் விடமாட்டேன் என்று அழுதேன். அம்மா பெரியம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாதாவைத் தூக்க வந்தவளின் கையை ஏன் ஒற்றிக்கொள்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

எனக்குப் பிள்ளைகள் பிறந்து, ஒருநாள் முட்டைக்காரி வாசலில் நின்றபோதுதான் சட்டென்று உறைத்தது. பெரியம்மா வீட்டில் எந்தக் காலத்திலும் கோழி கிடையாது.

போதும் கண்ணு. எழுதினதைப் படி. அந்தக் கோழியைப் பற்றிச் சொல்கிற இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படி.