வேலைக்கும் வேலுக்கும் நடுவே ஓர் ஒற்று

மேடையில் என் குரல் ஆடாது, வலக்கால் ஆடும். மேசைக்கு அடியில் அது தன் போக்கில் துடித்துக்கொண்டிருக்க, மேலே நான் அசையாத சிலைபோல் அமர்ந்திருப்பேன்.

அன்று கொடைக்கானலில் பள்ளிகளுக்கிடையே சொற்போர். வெல்லும் அணிக்குக் கோப்பை உண்டு. நான் கோப்பைக்காக வரவில்லை. சிறந்த பேச்சாளர் ஒருவருக்கு மதுரையில் திறந்தவெளிப் பட்டிமன்றத்தில் பேச இடம் தருவதாக அறிவித்திருந்தார்கள். அந்த இடம் என்னுடையது என்பதில் எனக்கு ஐயம் இருந்ததில்லை. நடுவருக்கும் அது தெரிந்தாக வேண்டும், அவ்வளவே.

பறக்கும் நாயகர்களின் மொழிமாற்றப் படங்கள் திரையரங்குகளை நிறைத்திருந்த காலம். ஆகவே, ‘சாகசக் கதையைத் தாங்குவது நாயகனா, துணைப்பாத்திரமா?’ என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். எங்கள் அணி துணைப்பாத்திரத்தின் பக்கம். அதிலும் நாங்கள் ஒருத்தியை மட்டுமே தேர்ந்தெடுத்தோம்: சாம்பல் நிறக் கோட்டு அணிந்த உளவுக்காரி. என் அணித்தோழியின் அண்ணன் சேர்த்து வைத்திருந்த காமிக்ஸ்களில் அவளைக் கண்டிருந்தோம். அவளுக்குப் பறக்கத் தெரியாது. கட்டத்தின் மூலையில், பாதி முகம் நிழலில் நிற்பாள். அதே கதை படமாக வந்தபோது அவளை இரண்டு காட்சிகளில் முடித்துவிட்டார்கள். காமிக்ஸில் அவள் உயிரைப் பணயம் வைத்து அறிந்த செய்தியைப் படத்தில் நாயகன் காற்றிலேயே மோப்பம் பிடித்தான். அன்று திரையரங்கில் என்னால் இருக்கையில் இருக்க முடியவில்லை.

தோழி முதலில் பேசினாள். நாயகன் பேருந்தையே தூக்குகிறானே, எந்தப் பேருந்தில் குண்டு இருக்கிறது என்று அவனுக்குச் சொன்னது யார் என்று கேட்டுவிட்டு அமர்ந்தாள். அரங்கு கைதட்டியது.

எதிரணித் தலைவர் எழுந்தார். பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவரின் மகன். கூட்டத்தைச் சிரிக்க வைப்பது அவருக்குக் கைவந்த கலை.

“உளவுக்குத் தமிழ்ல ஒற்றுன்னு பேருங்க. புள்ளி வச்ச மெய்யெழுத்துக்கும் அதே பேருதான். அது சொல்லுக்கு மொதல்ல வராது. உயிர் வந்து தொட்டாத்தான் அசையும். இல்லாட்டி தலையில பொட்டோட சும்மா கெடக்கும். அதைப் போயி கதையைத் தாங்கச் சொல்றாங்க, பாவம்.”

அரங்கு அதிர்ந்தது. என் கால் மேசையை உலுக்கியது. தம்ளரில் தண்ணீர் தளும்பியது.

“காலை வச்சிக்கிட்டு சும்மா இரு புள்ள,” என்றாள் தோழி, முகத்தில் புன்னகை மாறாமல். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து பண்ணைக்காட்டில் குடியேறிய குடும்பம் அவளுடையது. “மேசை விழுந்தா நம்ம கட்சியும் விழும், விளங்குதா?”

என் முறை வந்தது. செதுக்கி வைத்திருந்த முடிவுரையைக் கைவிட்டேன். ஒற்றை அவர் எடுத்தார்; நானும் ஒற்றையே எடுத்தேன்.

“வேலை கொடு. வேலைக் கொடு. இரண்டும் ஒன்றா?” என்று கேட்டு நிறுத்தினேன்.

பனியில் நனைந்திருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. இரண்டும் ஒன்றாகவே ஒலித்திருக்க வேண்டும். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “ஒண்ணையே ரெண்டு தடவ சொல்லுது. வெரசா முடிங்கப்பா.” சிரிப்பு எழுந்தது. முதல் மணியும் அடித்துவிட்டது.

நான் ஒலிவாங்கியை விட்டு விலகி மேடையின் விளிம்புக்கு வந்தேன்.

“முருகன் சன்னிதியில் நின்று ‘வேலை கொடு’ என்றால் உங்களுக்கு ஒரு சோலி கிடைக்கும். ‘வேலைக் கொடு’ என்றால் அவர் கையில் இருப்பதே பறிபோகும். நடுவில் நின்றது ஒரேயொரு ‘க்’. அது உங்கள் காதில் விழவில்லை. ஒற்று வேலை செய்யும் விதமே அதுதான்.”

முன்வரிசை சிரித்தது. எதிரணித் தலைவரும் தலை குனிந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு பின்வரிசையை எட்டுமுன் இரண்டாம் மணி அடித்தது.

கோப்பை எங்களுக்கு வந்தது. மதுரை மேடை எதிரணித் தலைவருக்குப் போனது. ஒலிவாங்கியை விட்டு விலகியவரின் பேச்சு பாதி அரங்கைச் சேரவில்லை, திறந்தவெளிக்கு அது போதாது என்றார் நடுவர். பண்ணைக்காடு ஜீப்பில் ஏறும்வரை நான் நடுவருக்கு மறுப்புரை தயாரித்துக்கொண்டிருந்தேன். தோழி கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, உன் ‘க்’ மதுரைக்குப் போகும் பார் என்றாள்.

போயிற்று. மதுரையில் நாங்கள் இருவரும் கூட்டத்தின் பின்னால் இரும்பு நாற்காலிகளில் இருந்தோம். பழனிக்காரர் எடுத்த எடுப்பிலேயே, “மலைமேல ஒருத்தங்க சொன்னாங்க” என்று தொடங்கினார். வேலையையும் வேலையும் அடுத்தடுத்து நிறுத்தினார். மைதானம் முழுவதும் சிரித்தது.

“எழும்பு,” என்றாள் தோழி. “எழும்பி, நான்தான்னு கையைக் காட்டு.”

நாற்காலி என் காலோடு சேர்ந்து கடகடத்துக்கொண்டிருந்தது. நான் எழவில்லை. அவர் அந்த ‘க்’கை எங்கே அழுத்துகிறார் என்பதிலேயே என் காது இருந்தது. சரியாகத்தான் அழுத்தினார்.