ஓடிக்கொண்டே பூசை வாங்கிய கம்ப்யூட்டர்

எங்கள் தொழிலில் வேலை செய்வது சுலபம். வேலை செய்யத் தோதாக ஒரு கம்ப்யூட்டரைத் தயார் செய்வதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிடும்.

கம்பைல் ஓடவிட்டு, திரையில் எழுத்துகள் மேலே ஏறிப் போவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கு உண்டென்றால், நாம் ஒரே பெஞ்சுக்காரர்கள். இல்லாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஆபரேட்டிங் சிஸ்டத்தை ரெடிமேடாக சி.டி.யில் வாங்கிப் போடுவது ஒரு வகை. அதன் சோர்ஸ் கோடை எடுத்து வந்து, வேண்டியதை வைத்து வேண்டாததைத் தள்ளி, நாமே கட்டுவது இன்னொரு வகை; அந்தக் கோடை மெஷினுக்குப் புரிகிற மொழிக்கு மாற்றுவதுதான் கம்பைல். அப்படிக் கட்டுவதற்கு இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும். அதற்குத்தான் ஹோஸ்ட் என்று பெயர்.

நான் கோவில்பட்டிப் பக்கம். இரண்டாயிரங்களின் நடுவில் ஓசூரில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்பிரிங் செய்தால் மட்டும் போதாது, ஸ்பிரிங்கைச் சோதிக்கிற மெஷினும் செய்து விற்க வேண்டும் என்று எங்கள் முதலாளிக்கு ஆசை. அந்த மெஷினுக்குள் கையகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கார்டு. ரெடிமேட் சிஸ்டம் எதுவும் அதற்குள் அடங்காது என்பதால், அதற்கென்று லினக்ஸ் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கட்ட என்னை எடுத்தார்கள். சாஃப்ட்வேர் பிரிவு என்று போர்டு மாட்டிய அறையில் நான் ஒருத்திதான். பெங்களூரு பக்கம் ஷாக் அப்சார்பர் செய்கிற ஒரு கம்பெனி, ஆயுத பூசை கழிந்த திங்கட்கிழமை மெஷினைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் ஆர்டர். பிடிக்காவிட்டால் போர்டைக் கழற்றிவிடுவேன் என்று முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார். போர்டு இறங்கினால் நானும் கோவில்பட்டிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

முதல் கேள்வி

ஹோஸ்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் கேட்டேன். டிஸ்பேட்ச் பிரிவில் லேபிள் அடித்துக்கொண்டிருந்த பழையதைத் தூக்கிக் கொடுத்தார்கள். கீபோர்டில் கோந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, டிஸ்க்கைப் புதிதாகப் பாகம் பிரிக்கப் போகிறேன் என்றதும் டிஸ்பேட்ச்காரர்கள், குடியிருந்த வீட்டை இடிக்க வந்தவளைப் போல என்னைப் பார்த்தார்கள்.

முதலாளிக்கு வேறு சந்தேகம். கார்டு இருக்கிறதே, அதிலேயே கட்டினால் என்ன என்றார். அதற்கு அவ்வளவு தெம்பு கிடையாது, பெரிய மெஷினில் கட்டித்தான் அதற்குள் ஏற்ற வேண்டும் என்று, அவருக்குப் புரிகிற மாதிரி ஸ்பிரிங்கையும் அதற்கு வடிவம் கொடுக்கிற டையையும் வைத்து விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நல்லபடியாகப் புரியவைத்துவிட்டோம் என்று நான் எழுந்தபோது சொன்னார்: “எல்லாம் சரிம்மா. ஒரு கம்ப்யூட்டரைக் கட்ட இன்னொரு கம்ப்யூட்டர் வேணும்ங்கிற. அப்போ மொதோ கம்ப்யூட்டரை எதுல கட்டுனாங்கோ?”

இதுக்கா இவ்வளவு நேரம்

எங்கள் கம்பெனி இன்டர்நெட், ஒரு மெயில் இறங்குவதற்கே மூச்சு வாங்கும். சோர்ஸ் கோடை இறக்குவதற்கு பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். காலையில் போனவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. மறுநாளும் அதே சீட். கடைக்காரர் தெலுங்கில் போனில் பேசிக்கொண்டே என் பக்கம் ஒரு கண் வைத்திருந்தார். இவ்வளவு பெரிய ஃபைல் என்றால் அது சினிமாவாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. புதுப்படம் இறக்கி சி.டி. போடுகிறவள் என்றே முடிவு செய்துவிட்டார் போல.

கடைசியில் சி.டி.யில் ஏற்றிக் கொடுக்கும்போது, ஒரு ஃபைலைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். அடைப்புக்குறியும் அரைப்புள்ளியுமாகப் பக்கம் பக்கமாக ஓடியது. இன்னொன்றைத் திறக்கச் சொன்னார். அதுவும் அப்படியே. நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னார்: “ஒரு பாட்டு கூட இல்லையே மேடம், இதுக்கா ரெண்டு நாளா உக்காந்தீங்கோ?”

ஷிப்ட் இல்லாதவனுக்கு டைம் எதற்கு

பழைய மெஷின் என்றால் வியாதிகளும் பழையவை. அதன் உள்ளே இருந்த சின்ன பேட்டரி செத்துப்போயிருந்தது. கரண்ட் போய் வந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். கம்பைல் செய்கிற புரோகிராம் நேரத்தைப் பார்த்துத்தான், எது முடிந்தது, எது பாக்கி என்று தெரிந்துகொள்ளும். தேதி குழம்பினால் முடித்ததையெல்லாம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு வாரம் எனக்கு இது புரியாமல், செய்த வேலையையே திரும்பச் செய்துகொண்டிருந்தது அது. நானும்தான்.

புரிந்த அன்றைக்கு பஜாரில் வாட்ச் கடைக்குப் போய், அந்த நாணயம் போன்ற பேட்டரியைக் காட்டிப் புதிது கேட்டேன். எந்த வாட்சுக்கு என்றார் கடைக்காரர். கம்ப்யூட்டருக்கு என்றேன். லென்சைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். “கம்ப்யூட்டருக்கு டைம் எதுக்கு மேடம், அது என்ன ஷிப்ட்டுக்கா போவுது?”

ஃபர்னஸ் கணக்கு

அடுத்த தலைவலி கரண்ட். பக்கத்து ஷெட்டில் பவர் பிரஸ்ஸை ஓட்ட ஆரம்பித்தால் எங்கள் அறை டியூப் லைட் ஒருமுறை கண் சிமிட்டும். என் ஹோஸ்ட் அணைந்து எழும். எங்கள் எலெக்ட்ரீஷியன் மாதேஷண்ணனிடம் போய் நின்றேன். சானமாவுப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, பிரஸ் ஷாப்பில் கன்னடம், என்னிடம் தமிழ். எந்த மொழியில் கேட்டாலும் முதல் பதில் “ஆவாது” என்பதுதான். சொல்லிவிட்டுச் செய்து கொடுத்துவிடுவார்.

இதற்கும் ஆவாது என்றார். பிறகு டைம் ஆபீசில் பஞ்சிங் மெஷினுக்கு மட்டும் இருந்த யு.பி.எஸ்.ஸிலிருந்து சுவரோடு ஒரு ஒயரை இழுத்து, என் ஹோஸ்டையும் அதில் கோத்துவிட்டார். கம்பைல் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். திரையில் ஓடுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஸ்பிரிங்கைப் பதப்படுத்துகிற ஃபர்னஸ் எங்கள் ஷாப்பில் உண்டு. அதை நடுவில் அணைத்தால் உள்ளே இருக்கிற சரக்கு அத்தனையும் வீண். அதனால் அதன் ஸ்விட்சை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். மாதேஷண்ணன் என் ஹோஸ்டின் ஸ்விட்சுக்கு மேலேயும் சிவப்பு டேப்பை ஒட்டிவிட்டுச் சொன்னார்: “இது ஃபர்னஸ் மாதிரிதாங்க. இனிமே யாரும் கை வெக்க மாட்டாங்கோ.”

பூசைக்கு நிற்காதது

எல்லாம் கூடி வந்து, முழு சிஸ்டத்தையும் கட்டுகிற கடைசி கம்பைலை ஆரம்பித்தபோது, ஆயுத பூசை வந்து வாசலில் நின்றது. வெள்ளிக்கிழமை பூசை. அந்தப் பழைய மெஷினின் வேகத்துக்கு, ஞாயிறு வரை நிற்காமல் ஓடினால்தான் திங்கட்கிழமைக்குக் கட்டி முடியும்.

ஆயுத பூசையன்று எங்கள் கம்பெனியில் எதுவும் ஓடக்கூடாது. பிரஸ், லேத், டிரில்லிங் மெஷின், கேன்டீன் கிரைண்டர் வரைக்கும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு நிறுத்திவிடுவார்கள். மறுநாள் விஜயதசமிக்குப் பூசையோடு பேருக்கு ஒரு தட்டுத் தட்டி ஓட்டிவிட்டு மறுபடி நிறுத்தினால், ஞாயிறும் போய்த் திங்கட்கிழமைதான் ஷிப்ட். பூசை நாளில் கருவியை வேலை வாங்குவது, தூங்குகிற ஆளை எழுப்பி மூட்டை தூக்கச் சொல்கிற மாதிரி என்பது முதலாளியின் கட்சி. நான் எவ்வளவு சொல்லியும் தலை அசையவில்லை.

மாதேஷண்ணன்தான் வாயைத் திறந்தார். ஃபர்னஸை மட்டும் நாம் அணைப்பதில்லையே, எரியும்போதே பொட்டு வைத்துக் கும்பிடுகிறோமே, அந்தக் கணக்கில் இதையும் விட்டுவிடலாமே என்றார். முதலாளி நெடுநேரம் யோசித்தார். அதற்குமுன் எந்தச் செலவுக்கும் அவ்வளவு யோசித்து நான் பார்த்ததில்லை. “சரி, ஓடட்டும். ஆனா மத்த மெஷினுக்கு என்ன மரியாதையோ அது இதுக்கும் பண்ணணும்.”

சானமாவு ரோடு

பூசை முடிந்ததும் எல்லோரும் பொரியும் பழமும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். கம்பெனியைப் பூட்டி, இருந்த ஒரே சாவியை மாதேஷண்ணனிடம் கொடுத்தார்கள். மறுநாள் தசமிப் பூசைக்கு அவர் வந்து திறக்கும்போது, திரையில் எழுத்து ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தேன். சனிக்கிழமை காலையிலிருந்து ஹாஸ்டலில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம்தான் கூப்பிட்டார். கேழ்வரகுக் கொல்லையில் இறங்கிய யானைகள் ரோட்டோரம் வந்து நிற்கின்றனவாம். பாரஸ்ட்காரர்கள் பஸ்ஸையும் வண்டிகளையும் நிறுத்திவிட்டார்களாம். பூசை திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமையும் அதே கதை. இது முடியாவிட்டால் என் வேலை போய்விடும் அண்ணே, எப்படியாவது வரப்பாருங்கள் என்று கெஞ்சிவிட்டேன். அந்தப் பக்கம் யானை விரட்டத் தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சாந்தமாகச் சொன்னார்: “நான் வரேன்னுதாங்க சொல்றேன். ஆனைங்கதான் வுட மாட்டேங்குதுங்கோ.”

பெரிய மாலை

திங்கட்கிழமை யானைகள் வழிவிட்டு, மாதேஷண்ணன் வந்து கதவைத் திறந்ததும் ஓடினேன். திரை கறுப்பு. மெஷின் அணைந்திருந்தது.

யு.பி.எஸ். நன்றாக இருந்தது. சிவப்பு டேப் ஒட்டியபடியே இருந்தது. நான் வெள்ளிக்கிழமை வெளியே போனபிறகுதான் மரியாதை நடந்திருக்கிறது. முன்பக்கம் காற்றுப் போகிற ஓட்டைகளை வரிசை தப்பாமல் சந்தனத்தால் மெழுகி, நடுநடுவே குங்குமம் வைத்திருந்தார்கள். மேலே இருந்து பின்பக்கம் வரை கனமான செண்டுமல்லி மாலை. உள்ளே போகக் காற்றில்லை, வெளியே வர வழியில்லை. சூடேறித் தானாக அணைந்திருக்கிறது. மாலையில் ஃபேன் பக்கம் இருந்த பூக்கள் மட்டும் அப்பளமாகக் காய்ந்திருந்தன.

கோவில்பட்டிக்குப் பஸ் போகும் வழியெல்லாம் கண்முன் வந்து போயிற்று. அப்போது கூட்டுகிற லட்சுமக்கா உள்ளே வந்தார். பாகலூரிலிருந்து வருகிறவர், ஹவுஸ்கீப்பிங். காய்ந்த மாலையை நான் கையில் வைத்திருப்பதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. “எல்லா மெஷினுக்கும் ஒரு மொழம்தான் மேடம். நோம்பி நாள்ல கூட வேலை செய்யுதே பாவம்னு, இதுக்கு மட்டும் பெருசா நானே கட்டிப் போட்டேன்.”

அதுவே எடுத்துக்கொண்டது

சந்தனத்தைச் சுரண்டி, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பேக்கிங் பிரிவிலிருந்து பெடஸ்டல் ஃபேனைக் கொண்டுவந்து எதிரே வைத்து மெஷினை எழுப்பினேன். தேதி சரியாக இருந்தது. வாட்ச் கடை பேட்டரி அன்றைக்குத்தான் சோறு போட்டது: கம்பைல் நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தது. ஆனால் பாதிக்கு மேல் பாக்கி. அதற்குள் முதலாளியோடு பெங்களூரு கம்பெனி அதிகாரி நஞ்சுண்டப்பா உள்ளே வந்துவிட்டார்.

சூட்டில் நின்றுவிட்டது சார் என்று உள்ளதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் மாறிவிட்டது. எங்க ஷாப் ஃப்ளோர் இதைவிடச் சூடும்மா, அங்கே வைத்தால் உங்கள் பெட்டியும் இப்படித்தான் நிற்குமா என்று கேட்டார். இது வேறு, அது வேறு என்று நான் சொல்லச் சொல்ல, முதலாளியின் பார்வை அறை வாசலில் இருந்த போர்டுக்குப் போய்விட்டது.

அப்போதுதான் நஞ்சுண்டப்பா மெஷின் மேல் மிச்சமிருந்த குங்குமத்தைக் கவனித்தார். பூசைக்கு இதை நிறுத்தவில்லையா என்றார். நான் வாய் திறப்பதற்குள், வாசலில் நின்ற மாதேஷண்ணன் பெருமையாக, ஓடிக்கிட்டே பூசை போட்டோங்க சார் என்று சொல்லிவிட்டார். தொலைந்தது என்று நினைத்தேன். “ஹப்பத தினானூ பிடலில்வா?” என்றார் நஞ்சுண்டப்பா. பண்டிகை நாளில்கூட விடவில்லையா என்று அர்த்தம். மெஷினைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சூடு, காற்று, ஃபேன் எல்லாம் அந்த நிமிடத்தோடு பேச்சிலிருந்தே போய்விட்டன. அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. “ஆயுதத்துக்கு அன்னிக்கு ரெஸ்ட் குடுக்கணும்மா. நீங்க குடுக்கல, அதுவே எடுத்துக்கிச்சு. பாவம், முடிக்கட்டும். நான் புதன்கிழமை வர்றேன்.”

கையேடு

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கட்டி முடிந்தது. புதன்கிழமை நஞ்சுண்டப்பா எதிரில் ஸ்விட்சைப் போட்டேன். கார்டு விழித்து, எங்கள் லினக்ஸ் ஏறி, திரையில் பூஜ்யம் வந்து நின்றது. அவர் தன் பையிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்து வைத்தார். மெஷின் அமுக்கிப் பார்த்து எடையைக் காட்டியது. இன்னொன்றை வைத்தார். அதுவும் சரி. முதலாளி உடனே காபி சொல்லி அனுப்பினார். போர்டு இருந்த இடத்திலேயே இருந்தது, நானும்தான்.

ஆர்டர் தருவதற்கு நஞ்சுண்டப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மெஷினோடு தருகிற கையேட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும், தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும். நான் பேனாவை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்: “ஆயுத பூஜா தினா இந்த மெஷினை ஆஃப் பண்ணி வெக்கணும்.”

தூசி துடையுங்கள், காற்று ஓட்டையை மறைக்காதீர்கள், நேராக ஸ்விட்சை அணைக்காதீர்கள் என்று அந்தக் கையேட்டில் பக்கம் பக்கமாக எழுதினேன். எல்லா வாடிக்கையாளரும் தவறாமல் கடைப்பிடித்தது அந்த ஒரு வரியைத்தான்.