நினைவுத்தூணடியில் பருத்திப்பால்

செத்தவர்களுக்கு அஞ்சலி செலுத்துவது ரொம்பக் களைப்பான வேலை. பதினைந்து வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் சொல்கிறேன். வேனை விட்டு இறங்கும்போது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் வருவார்கள். தூணுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் நிற்பார்கள். மூன்றாவது நிமிடம் யாராவது ஒருவர் மெதுவாகத் தலையைத் திருப்பி, "இங்கன திங்க என்ன கெடைக்கும்?" என்பார். அந்த மூன்றாவது நிமிடத்தை நம்பித்தான் நான் பருத்திப்பால் அண்டாவை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

எங்கள் ஊர் உசிலம்பட்டி போகிற ரோட்டை ஒட்டியது. ஊர் எல்லையில் நிற்கிற கல் தூண் வெள்ளைக்காரன் நட்டது. அவன் பர்மாவில் நடத்திய சண்டைக்கு எங்கள் ஊரிலிருந்து ஆறு பேர் போனார்கள். எதற்காகச் சண்டை என்று அவர்களுக்குத் தெரியாது. பூட்ஸ் கொடுத்தார்கள், மூன்று வேளைச் சோறு என்றார்கள், போனார்கள். ஆறு பேரும் திரும்பவில்லை. ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு கல் வந்தது.

அந்தக் கல்லுக்கு ரொம்ப நாள் ஒரு மரியாதையும் கிடையாது. மாடுகள் முதுகு சொறிந்தன. நானே அதில் கயிற்றைக் கட்டிச் சேலை காயப்போட்டிருக்கிறேன். பிறகு திடீரென்று யாருக்கோ நாட்டுப்பற்று வந்து, சுற்றிலும் கம்பிவேலி போட்டு, புல் வளர்த்து, சிமெண்டில் ஒரு பீரங்கியும் செய்து வைத்துவிட்டார்கள். அந்த ஆறு பேரும் பீரங்கியைத் தூரத்திலிருந்தாவது பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். நாலு பேர் கோவேறு கழுதை மேய்க்கப் போனவர்கள். ஒருவர் குழி வெட்டப் போனவர். ஆறாவது ஆள் என் மாமனாருக்கு அண்ணன். அவர் பட்டாளத்துக்கு டீ போடப் போனவர்.

அதனால் நான் கடை போட்டது புதுத் தொழில் இல்லை. சண்டை நடக்கிற இடத்தில் அவர் டீ ஆற்றினார். சண்டையை வேடிக்கை பார்க்க வருகிற இடத்தில் நான் பருத்திப்பால் ஆற்றுகிறேன். என் தலைக்கு மேல் குண்டு போடுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பருத்திக்கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, விடியலில் ஆட்டிப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சி எடுத்துவருவேன். முதல் டம்ளரைத் தூணின் காலடியில் ஊற்றுவேன். பட்டாளம் முழுக்கக் குடிக்கக் கொடுத்தவருக்கு ஒரு டம்ளர் கொடுக்க ஆள் வேண்டாமா? இதைப் பார்த்த பசுமலைக் கல்லூரிப் பெண் ஒருத்தி, "பாட்டி, இது என்ன சடங்கு?" என்று கேட்டுப் போனில் படம் பிடித்தாள். அடுத்த வாரத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு டம்ளர் வாங்கித் தூணுக்கு ஊற்ற ஆரம்பித்தார்கள். நான் தடுக்கவில்லை. அடுத்தவர் பக்தியைக் கெடுக்கிற புத்தி எனக்குக் கிடையாது. எறும்புகளும் ஒன்றும் சொல்லவில்லை.

கூட்டம் சேர்ந்ததும் கடைகள் சேர்ந்தன. 'குண்டு துளைக்காத பரோட்டா' என்று ஒருவன் போர்டு வைத்தான். அது உண்மைதான், எனக்கிருக்கும் நாலு பல்லும் அதைத் துளைக்கவில்லை. அவனியாபுரத்திலிருந்து ஒரு ஆள் வேனோடு வந்து 'போர்முனை ஜிகர்தண்டா' போட்டான். வேன் முழுக்க டாங்கி படம். தியாகிகள் ரத்தம் சிந்திய மண் என்று மைக்கில் அழுவான், அதே மூச்சில் "ஸ்பெஷல்னா ஐஸ்கிரீம் சேத்து வரும்ணே" என்பான்.

கடைகள் பெருகியதும் அதிகாரிகளுக்குத் தூணின் மானம் ஞாபகம் வந்தது. வேலிக்கு வெளியே இருக்கும் கடைகளை எல்லாம் எடுக்க வேண்டும், வேலிக்குள்ளே ஒரே ஒரு கடைக்குத்தான் இடம், அதுவும் தூணில் பெயர் இருக்கும் ஆறு பேரில் ஒருவருடைய வாரிசுக்குத்தான் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. மற்ற ஐந்து வீட்டுப் பிள்ளைகளும் கோயம்புத்தூர், திருப்பூர் என்று வேலைக்குப் போய்விட்டவர்கள். அவர்களுக்கு வருடத்துக்கு ஒருநாள் தூணோடு செல்ஃபி எடுத்தால் போதும். மிச்சம் இருப்பது நான்தான்.

விசாரணைக்கு முதல்நாள் தெரிந்தது, ஜிகர்தண்டாக்காரனும் மனுப் போட்டிருக்கிறான் என்று. டீ போட்டவருடைய சொந்தப் பேரனாம்! அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. பூட்ஸ் மாட்டிப் போனபோது மீசையே சரியாக முளைக்கவில்லை என்று என் மாமியார் சொல்வார். பேரன் மட்டும் எப்படியோ முளைத்துவிட்டான்.

இந்த இடம் போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. மகன் வீட்டில் சோறு கிடைக்கும். ஆனால் காலையில் எழுந்து எங்கே போவது? மருமகளும் நானும் நாள் முழுக்க ஒரே அடுப்படியில் இருந்தால் ஊர் இன்னொரு போரைப் பார்க்கும். அதற்கு யார் தூண் நடுவது?

மறுநாள் உசிலம்பட்டி ஆபீஸிலிருந்து அதிகாரி வந்தார். சின்ன வயசு, நல்ல பிள்ளை, கையில் பைல். புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊரே வேலியைச் சுற்றி நின்றது. ஜிகர்தண்டாக்காரன் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். கூடவே அவனுடைய அம்மாவையும் காரில் வைத்துக் கூட்டிவந்திருந்தான். என் வயதுதான் இருக்கும், காதில் கம்மல், கையில் விசிறி.

அதிகாரி முதலில் என்னைக் கூப்பிட்டார்.

"தூண்ல இருக்கவரு ஒங்களுக்கு என்ன வேணும் அப்பத்தா?"

"எங்க மாமனாருக்கு அண்ணன் சாமி. எனக்குப் பெரிய மாமனாரு."

"சரி. அவர் பேரச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அங்கேதான் வந்தது வினை. பர்மாவிலிருந்து திரும்பாத அண்ணன் பெயரைத்தான் என் மாமனார் தன் மூத்த பிள்ளைக்கு வைத்தார். அந்த மூத்த பிள்ளைக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டேன். கட்டியவர் பெயரை எப்படி வாயில் சொல்வது? அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. இருந்த காலத்திலும் சொன்னதில்லை, போன பிறகும் சொன்னதில்லை. அதே பெயரில் மலைமேல் ஒரு சாமி இருக்கிறார். அவரைக்கூட நான் 'மலைக்காரரே' என்றுதான் கும்பிடுவேன். இரண்டாம் வகுப்பு வரை படித்தவள், தூணில் இருக்கும் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியும். மனதுக்குள் படிப்பேன், உதட்டை அசைக்க மாட்டேன்.

"அது வந்து சாமி… தூணுல கீழருந்து ரெண்டாவது."

"கையக் காட்டுனா நான் எப்படி எழுதுறது? வாயத் தொறந்து சொல்லுங்க."

"மலைமேல இருக்காருல்ல, அவரு பேரு."

அதிகாரி ஒரு சாமி பெயரைச் சொன்னார். இல்லையென்று தலையாட்டினேன். இன்னொரு மலையின் சாமியைச் சொன்னார். அதுவும் இல்லை. இந்த மதுரையைச் சுற்றி மலைக்குப் பஞ்சமா, சாமிக்குப் பஞ்சமா? வேலிக்கு வெளியே நின்ற கொழுந்தனார் பொறுக்கமுடியாமல் பெயரைச் சொல்ல வாயெடுத்தார்.

"யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது," என்றார் அதிகாரி. "மனுப் போட்டவங்கதான் சொல்லணும்."

என் மகன் ஓடிப்போய், என் வீட்டுக்காரர் பெயர் போட்ட ரேஷன் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினான்.

"இந்தப் பேர்ல மதுரையில ஆயிரம் பேர் இருக்காங்க தம்பி. பேர் ஒண்ணா இருந்தா வாரிசாயிட முடியுமா?" என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சட்டம் படித்தவர், சரியாகத்தான் பேசினார்.

ஜிகர்தண்டாக்காரன் எழுந்தான். பெயரை மூன்று தடவை சொன்னான், கோயில் மணி அடிக்கிற மாதிரி. "எங்க தாத்தா சார்! நாப்பது எதிரிகளச் சுட்டுட்டுத்தான் உசுர விட்டாரு!" டீ கரண்டியால் நாற்பது பேரைச் சுட்டவர் உலகத்திலேயே எங்கள் பெரிய மாமனார் ஒருவர்தான்.

"சாட்சி?" என்றார் அதிகாரி.

"எங்கம்மா இருக்காக சார். அவுகளுக்கு மாமனாரு. அம்மா, சொல்லும்மா."

அந்த அம்மா விசிறியை மடியில் வைத்துவிட்டு, ஒப்பிக்கிற மாதிரி பெயரைச் சொன்னார். ஊர்ப்பெயர், அப்பா பெயர் எல்லாம் சேர்த்துச் சொன்னார். பையன் நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தான். அதிகாரி எழுத ஆரம்பித்தார்.

வேலிக்கு வெளியே நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நான் அண்டாவிலிருந்து ஒரு டம்ளர் பருத்திப்பாலை மொண்டு, ஆற்றி, அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"வெயில்ல வந்திருக்கீக, குடிங்கக்கா. எந்தப் பக்கம் நீங்க பொறந்தது?"

"சேடபட்டிப் பக்கம்த்தா. இவுக அப்பாவக் கட்டி அவனியாபுரம் போனேன்." ஒரு மடக்குக் குடித்தார். "கருப்பட்டி நல்லாப் போட்டிருக்க."

"சேடபட்டிப் பக்கமா! நம்ம பக்கந்தேன். ஆனாலும் ஒங்களுக்குத் தைரியம் சாஸ்திக்கா. ஊருச்சனம் அம்புட்டுப் பேரு முன்னாடி மாமனாரு பேரப் பொசுக்குனு சொல்லிப்புட்டீகளே. நானெல்லாம் நாக்கக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. டம்ளரைத் தரையில் வைத்தார்.

"என்னத்தா பேசுற நீ? எங்க மாமனாரு பேர நானா சொன்னேன்? கட்டுன நாளுலருந்து இந்த வாய் அந்தப் பேரச் சொன்னதில்ல. சொன்னா நாக்கு அழுகிப் போகாதா? எங்க அத்தை என்னய அப்படியா வளத்தாக?"

"இப்பச் சொன்னீகளேக்கா."

"அது இந்தக் கல்லுல இருக்கவரு பேரு! இவன்தான் கார்ல வரயில சொல்லிக் குடுத்தான். எங்க மாமனாரு மில்லுல வேல பாத்து, எண்பது வயசு வரைக்கும் இருந்து, எங்கையால கஞ்சி குடிச்சுட்டுப் போன மனுசன். எந்தச் சண்டைக்கும் போகல!"

"அம்மா!" என்று கத்தினான் பையன்.

"என்னடா நொம்மா? நான் மாமனார் பேரச் சொல்றவளாம்னு ஊரு பேசவா? ஒன் வியாவாரத்துக்கு எம் மானத்த வாங்காத!"

முதலில் சிரித்தது பரோட்டாக்காரன். அப்புறம் வேலியைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அதிகாரி பேனாவை மூடினார். அந்த அம்மா எந்த இடத்தில் மாட்டிக்கொண்டார் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. கொழுந்தனார்தான் விளக்கிச் சொன்னார். "எங்கம்மாவும் அப்பா பேரச் சொன்னதில்ல," என்றார் அதிகாரி, தனக்குத்தானே சொல்கிற மாதிரி. பிறகு எழுந்து தூணுக்குப் போய், கீழேயிருந்து இரண்டாவது வரியை அவரே பார்த்து என் மனுவில் எழுதிக்கொண்டார். முதலிலேயே பத்தடி நடந்திருக்கலாம். ஆனால் அதிகாரிகள் நடப்பதற்கும் ஒரு நேரம் வர வேண்டும்.

போகும்போது அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்துப் போனேன். "பாதி டம்ளருதேன் குடிச்சேன். மிச்சம் ஆறிப்போச்சு, சூடா ஒண்ணு குடு. எம் மகன் போடுற ஐஸுத் தண்ணி பல்லக் கூசுது," என்றார். சூடாகக் கொடுத்தேன். மகன் காரில் உட்கார்ந்து விடாமல் ஹாரன் அடித்தான். அவர் ஊதி ஊதி, மெதுவாகத்தான் குடித்தார்.

கடை எனக்கு வந்தது. தகரக் கூரை, சிமெண்டு மேடை, குழாய்த் தண்ணீர் எல்லாம் உண்டு. கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது. கடைக்குத் தியாகியின் பெயரைத்தான் வைக்க வேண்டுமாம். ஆளுயரத்துக்கு ஒரு போர்டு செய்து, மஞ்சளில் அந்தப் பெயரை எழுதி, என் தலைக்கு நேர் மேலே மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

இப்போது போன் பண்ணி, "கடை பேரு என்னக்கா?" என்று கேட்கிறவர்களிடம், "தூணுக்குப் பக்கத்துக் கடை" என்று சொல்கிறேன். "பேரு இல்லையா?" என்றால், "இருக்கு, வந்து படிச்சுக்க" என்கிறேன். சிலர் அதைப் படிப்பதற்கென்றே வருகிறார்கள். வந்தவர்கள் சும்மா போவதில்லை, மூன்றாவது நிமிடம் வந்துவிடுகிறது.

போன வாரம் ஒரு பள்ளிக்கூட பஸ் வந்தது. தூணைப் பார்த்த பிள்ளைகள் பசியோடு என் பக்கம் திரும்பின. வாத்தியார் அம்மாவுக்கு அதற்குள் ஒரு யோசனை. போர்டைக் காட்டி, "எல்லாரும் சத்தமா வாசிங்க!" என்றார். அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் என் வீட்டுக்காரர் பெயரைக் கத்தின.

நான் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து நின்று முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டேன். ரோட்டைப் பார்த்தேன். உசிலம்பட்டி டவுன் பஸ்தான் போய்க்கொண்டிருந்தது.

"என்ன பாட்டி, எந்திரிச்சுட்டீங்க?" என்றார் வாத்தியார் அம்மா.

"தியாகிக்கு மரியாத," என்றேன்.

பிள்ளைகளும் உடனே விறைப்பாக நின்று சல்யூட் அடித்தன. பிறகு ஆளுக்கு ஒரு டம்ளர் கேட்டன.