எந்த அப்பா?

எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவின் ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நீரிழிவுக்கு, எங்கள் பேச்சில் இனிப்புநீருக்கு, மருந்து வாங்கப் போனபோது அந்த அக்காவைப் பார்த்தேன். சீன முகம், நெற்றியில் குங்குமம், பருத்திச் சேலை. பேச்சோ அசல் ரப்பர் தோட்டத்துத் தமிழ். பச்சைக் குழந்தையாக இருந்த தன்னைக் கோப்பெங் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பம் எடுத்து வளர்த்ததாக அவரே சொன்னார். பேசும்போதெல்லாம் நெஞ்சை உள்ளங்கையால் தடவிக்கொண்டார். "எங்கப்பாவும் இப்படித்தான்" என்று சிரித்தார்.

அவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தபோது முகம் வாடியிருந்தது.

"என்னக்கா, இனிப்பு கூடிருச்சா?"

"அதில்ல தம்பி. குடும்பத்துல யாருக்காச்சும் மாரடைப்பு வந்திருக்கான்னு கேட்டாரு. எங்கப்பாவுக்கும் இனிப்புநீருதான், மரம் சீவுற எடத்துலயே நெஞ்சப் புடிச்சிக்கிட்டு போயிட்டாருன்னேன். பெத்த அப்பாவான்னாரு. இல்லன்னதும், அது கணக்குல வராதுன்னுட்டாரு லா."

"நல்லதுதானேக்கா?"

"என்னா நல்லது? பெத்தவங்க யாருன்னே தெரியாது, அங்க என்ன நோவு இருக்கோ. இவரு பேரு, சாமி, பாஷை எல்லாம் எனக்கு வந்துச்சு. நோவு மட்டும் வராதாம். அப்ப நான் அவரு மக இல்லியா?"

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். என் அப்பாவும் மாரடைப்பில் போனவர்தான். "ஆமாம், பெத்த அப்பாவுக்கு" என்றேன். பயந்திருக்க வேண்டியவன் நான். ஏனோ அந்த நேரத்தில் பெருமையாக இருந்தது. அது ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.